பாட்டு எப்போது வரும்

ஏழு ஆண்டுகளில் அந்த இசையை விட்டு அறுபத்திரண்டு வாத்தியக்காரர்கள் வெளியேறினார்கள். கடைசியாகப் போனது புல்லாங்குழல்.

பதினோரு நிமிட இசை அது. ஆறு நாள் மட்டுமே ஓடிய ஒரு படத்தின் கடைசிக் காட்சிக்கு வாசித்தது. அதில் ஒருவரும் பாடவில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனதால் ‘டிகிரி’ என்று கூப்பிடப்பட்ட பெண், விடுதியில் யாரோ கொடுத்த ஹெட்போனில் அதைக் கேட்டுவிட்டு அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. படிப்பு முடிந்து ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்ததும், முதல் காரியமாக ஸ்பீக்கர் வாங்கி வந்து வீட்டாரை உட்காரவைத்தாள். நல்லதைத் தான் மட்டும் கேட்பது கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவது மாதிரி அவளுக்குப் பட்டது.

அப்பா லிஃப்ட் ஆபரேட்டர். பன்னிரண்டு மாடியை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஏறி இறங்குகிறவர். மூன்றாவது நிமிடத்தில், பெரிய வயலின் மாதிரி கனத்த குரலுள்ள எட்டு செல்லோக்கள் மெல்ல மேலேறும் இடத்தில், “பாட்டு எப்பம்மா வரும்?” என்று கேட்டார். “பாட்டு கிடையாதுப்பா, இதுதான்” என்றாள். “சரி, வந்ததும் கூப்பிடு” என்று ஷூவுக்குப் பாலிஷ் போடப் போனார். மறுநாள் அந்த இடத்தில் செல்லோக்கள் இல்லை. பல் பிடுங்கிய ஈறு மாதிரி வெறுமையாக இருந்தது. தோழியின் போனில் போட்டுப் பார்த்தாள், கடையில் உறை பிரிக்காத சிடியை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். எங்கேயும் இல்லை. கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார்.

வயலின்கள் உச்சத்துக்குப் போகும்போது அண்ணி, “இப்ப இதுல யாராச்சும் சாகறாங்களா?” என்றாள், இருபத்தாறு வயலின்கள் கிளம்பிப் போயின. அண்ணன் “நல்ல இடம் வரட்டும்” என்று இசையை முன்னால் ஓட்டிவிட்டதில் டிரம்பெட்டுகள் போயின. பரிசோதனைக் கூடத்து மேனேஜர், “அருமையா இருக்கும்மா, படுத்தா தூக்கம் வந்துடும்” என்று பாராட்டியதில் டிரம்கள் அத்தனையும் போயின. அடுத்தடுத்த ஆண்டுகளில் பக்கத்து வீடு, பஸ் சிநேகிதி, பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து விலகிய ஐந்து பேர் என்று மிச்சமிருந்தவையும் கரைந்தன. இதில் எல்லாவற்றையும்விட அவளைக் கொதிக்கவைத்தது, “நமக்கெல்லாம் இது புரியாதும்மா” என்று அப்பா ஏதோ பதக்கம் வாங்கியவர் போலச் சொன்னதுதான். “பரீட்சையா வைக்கிறேன்? காது இருக்குல்ல?” என்று கத்தினாள். “டிகிரிக்குக் கோபத்தப் பாரு” என்றான் அண்ணன்.

ஒன்பதாவது நிமிடத்துப் புல்லாங்குழல் மட்டும் மிஞ்சியபோது, இனி யாருக்கும் போடுவதில்லை என்று சபதம் எடுத்தாள். நான்கு மாதம் தாக்குப்பிடித்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மறுபடி உட்காரவைத்தாள். அன்று அதிசயமாக ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள்தான், “இப்ப வரும், கேளுங்க, இந்த இடம்தான், போனைக் கீழ வை, கேட்டீங்களா?” என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடிப்பதற்குள் புல்லாங்குழல் கடந்துபோயிருந்தது. மறுநாள் போட்டால் பதினோரு நிமிடமும் வெறும் அமைதி. அது யாரால் போனது என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த மாதம் அப்பா லிஃப்ட் வாசலில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். அவளுடைய மேனேஜர் வீட்டுக்குப் பார்க்க வந்திருந்தார். டிகிரி டீ எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வரும்போது, அப்பா மாவுக்கட்டுக் காலை நகர்த்தி “ம்ம்” என்று முனகினார். எட்டு செல்லோக்கள் மேலேறின. அண்ணி ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க வயலின்கள் வந்தன. மேனேஜரின் விரல்கள் பிஸ்கட் டின்னில் தாளம் தட்டின. அண்ணன் மூக்கைச் சிந்தினான், டிரம்பெட்டுகள் சுருதி பிசகாமல் நின்றன. வராத சிலவற்றை ஜன்னல் வழியே தெரு கொடுத்தது. நடுநடுவே, புது ஆபரேட்டர் ஏழாம் மாடியைத் தாண்டி நிறுத்துகிறானாம் என்று நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டும் இருந்தார்கள். அந்த இசை ஒருவருக்கும் கேட்கவில்லை.

அவள் தட்டோடு வாசற்படியிலேயே நின்றாள். ஒன்பதாவது நிமிடம் வந்தது. புல்லாங்குழலுக்கான இடம் காலியாகக் கிடக்க, அதன்மேலும் அவர்கள் பேசினார்கள். ஏழு வருஷக் கோபமும் தொண்டைக்கு வந்து, ‘ஒரு நிமிஷம் எல்லாரும் வாய மூடுங்க’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். புல்லாங்குழல்தான் வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. கடைசி ஸ்வரம்வரை போனாள்.

“ஏம்மா, சார் வந்திருக்காரு, அந்தப் பாட்டக் கொஞ்சம் போடேன்” என்றார் அப்பா.

“போட்டாச்சுப்பா.”

டீ ஆறிப்போயிருந்தது. அண்ணி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சூடு பண்ணப் போனாள். இருபத்தாறு வயலின்களும் அவள் பின்னாலேயே சமையலறைக்குப் போயின.