நாற்பது பேருக்கு ஒரு அட்டை

காலர்க்காரி ஆறாவது முறையாக நிமிர்ந்து பார்த்தாள். ஆணி காலி. அட்டையோடு போனவள் இன்னும் திரும்பவில்லை.

சட்டைக்குக் காலர் வைப்பது அவள் வேலை. மணிக்கு எண்பது சட்டை. அந்த வரிசையில் நாற்பது மிஷின்கள். நாற்பது பேருக்கும் கழிவறை போக ஒரே அட்டை. சூப்பர்வைசர் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். ஐந்தே நிமிடம்.

அதனால்தான் அங்கே எவளும் தண்ணீர் குடிப்பதில்லை. காலர்க்காரியும் நாலு வருஷமாக வாயை நனைத்ததோடு சரி. போன மாதம் இடுப்பில் கத்தி செருகினாற்போல் வலி. நாலு நாள் ஆஸ்பத்திரி.

"கிட்னியில சீழ் வச்சிருக்கும்மா. தினம் மூணு லிட்டர் குடிக்கணும். இன்னொரு தடவை வந்தா கிட்னியையே எடுக்க வேண்டியிருக்கும்," என்றார் டாக்டர்.

அவள் திரும்பி வந்த வாரம் கம்பெனிக்கும் அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. ஆளுக்கொரு பாட்டில். அதில் மணி வாரியாகக் கோடு. சாயங்காலம் நர்ஸ் வந்து பார்ப்பாள். காலியாக இருந்தால் பேருக்கு நேரே ஒரு டிக்.

இன்று அவள் கோடு தவறாமல் குடித்தாள். பத்து மணிக்கு ஒரு முறை போய் வந்தாள். பன்னிரண்டுக்கு, ஒருவழியாக அட்டை ஆணிக்குத் திரும்பியதும், எழுந்து போய்க் கை நீட்டினாள்.

"இப்பத்தானே போன?" என்றார் சூப்பர்வைசர்.

"தண்ணி குடிச்சேன் சார். டாக்டர் சொன்னாரு."

"டாக்டரா வந்து காலர் வைப்பாரு? இந்தா, போ. இன்னிக்கு இன்னொரு தடவை எழுந்த, நாளையிலேர்ந்து நீ ஹெல்பர். உக்காந்து நூல் வெட்டு."

ஹெல்பருக்குப் பாதிச் சம்பளம். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

இரண்டு மணிக்கு மறுபடி முட்டியது. தொடைகளை இறுக்கிக்கொண்டு தைத்தாள். மூன்று காலர் கோணலாகிப் பிரிக்க வேண்டி வந்தது. பாட்டிலில் இன்னும் பாதி இருந்தது.

பக்கத்து மிஷினில் சட்டைக் கை மடித்துத் தைப்பவள் தலை நிமிராமல் சிரித்தாள். "வெவரமே தெரியலையே அக்கா உனக்கு! பாட்டில் காலியாகணும்னுதானே சொன்னாங்க. உன் வாயிலதான் ஊத்தணும்னு சொன்னாங்களா?"

சொன்னவளின் கண் வாசலோரத் தொட்டிச் செடிக்குப் போனது. ஆளுயரச் செடி. இலையெல்லாம் பளபளவென்று இருந்தது.

நாலு மணிக் கோடு வந்தது, காலர்க்காரி குடிக்கவில்லை. நாலரைக்குத் தைத்த சட்டைக் கட்டைக் கொண்டுபோய்ப் போடும் சாக்கில் தொட்டிப் பக்கம் குனிந்து நிமிர்ந்தாள்.

ஐந்து மணிக்கு நர்ஸ் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்து டிக் போட்டாள். "பாத்தியா? மனசு வச்சா முடியுதுல்ல!"

"முடியுதும்மா," என்றாள் காலர்க்காரி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. இடுப்பில், அதே பழைய இடத்தில், சுருக்கென்றது.

அப்போது வாசலில் சூப்பர்வைசர் கத்தினார். தொட்டியின் அடித்துளையிலிருந்து தண்ணீர் ஒழுகித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு இதுக்கு இவ்ளோ தண்ணி ஊத்துறது? வேர் அழுகிடாதா? டேய், ரெண்டு பேர் வாங்க! வெளிய தூக்கிட்டுப் போய் நல்லா வடிய விடுங்க. அவசரமில்ல, மெதுவா வடியட்டும்."

இருவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்பது மிஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. அட்டை ஆணியில் தொங்கியது.