போகிறவர்களுக்கு நல்ல மேளம்

"சர்ச்சுக்கு பேபி பிறக்குமா, பப்பா?" என்று ஆறு வயது மகள் ஷாஜினி ஒரு நாள் கேட்டாள். யேசுராஜ் சிரித்து மழுப்பிவிட்டார். அவர் அறிந்தவரை சபைகள் பிறப்பதில்லை, உடைகின்றன. நாகர்கோவில் பக்கத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்ற ஆலயம், கமிட்டித் தேர்தலில் மூண்ட சண்டையால் இரண்டாகி, பெரிய கதவில் கோர்ட்டுப் பூட்டுத் தொங்க நின்றது.

அது 2006. துபாயின் ஜெபல் அலியில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் அவர் டெக்னீஷியன். அங்குள்ள தமிழ்ச் சபைக்குச் செயலாளர். வார விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் ஆலய வளாகத்து ஹாலைப் பல நாட்டுச் சபைகள் நேரம் பிரித்துக்கொள்ளும். காலை ஏழு முதல் ஒன்பது வரை ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுக்காரர்கள், ஒன்பதுக்குத் தமிழர்கள். ஆனால் கதவு திறக்க வாராவாரம் ஒன்பதேகால் ஆகும். வெயிலில் குழந்தைகள் அழும். பொறுத்துப் பார்த்த யேசுராஜ் வளாக அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டார்: அவர்களுடைய நேரத்தை எங்களுக்கே தாருங்கள். அது போனால் மலாவிக்காரர்கள் கூடி ஜெபிக்க வேறு இடமில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அலுவலகத்தில் கொடுக்கக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளிக்கிழமை சீக்கிரமே வந்தார். முற்றத்தில் மலாவிக்காரர்கள் இரு கூட்டமாக நின்றார்கள். ஒரு கூட்டம் பெரிய மேளத்தையும் பாட்டுப் புத்தகக் கட்டுகளையும் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தது. மற்றக் கூட்டத்தில் பெண்கள் அழுதார்கள்.

"அண்ணே, இவனுவளும் நம்மளப் போலத்தான், கேட்டியளா? கேஸு எந்தக் கோர்ட்டுலயாம்?" என்றான் கூட வந்த ஜெயசீலன்.

யேசுராஜுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். அதற்கு வெட்கப்பட்டு, அவர்கள் தலைவர் கொண்ட்வானியிடம் போனார். செக்யூரிட்டி வேலை பார்ப்பவர். இருவருக்கும் பொது மொழி அரைகுறை ஆங்கிலம்.

"பிரதர், சண்டை வேண்டாம். நாங்க பேசித் தீர்த்து வைக்கிறோம்."

கொண்ட்வானி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சண்டையா? இன்னைக்கு எங்களுக்குக் கல்யாண நாள் மாதிரி! எங்க நாட்டுச் சபை வழக்கம் இது. நூறு பேர் சேர்ந்துட்டா முப்பது பேரைப் புதுச் சபை தொடங்க அனுப்பிடணும். இவங்க ரெண்டு மணி நேரம் தள்ளி ஃபுஜைராவுக்குப் போறாங்க. அங்க ஒரு ஹால் கிடைச்சிருக்கு."

"நல்ல மேளமும் போகுதே?"

"போறவங்களுக்கு நல்லதைத்தானே கொடுக்கணும்? நல்லாப் பாடுறவங்களும் அவங்களோடதான். பழைய மேளம் எங்களுக்குப் போதும். எங்கப்பா பிறந்த வருஷம் ஒரு மரத்தடியில பதினோரு பேர், பிரதர். நான் கிளம்பி வரும்போது நானூறு சபை. இப்ப எத்தனையோ, கர்த்தருக்குத்தான் தெரியும்."

யேசுராஜ் மனதுக்குள் கணக்குப் போட்டார். பதினோரு பேர். பாதியைப் பிடுங்கி வளர்ந்த சபையல்ல இது; கையில் இருந்ததில் நல்லதை எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே வளர்ந்தது. வேன் நகர்ந்தபோது அழுதுகொண்டிருந்த பெண்களே கைதட்டிப் பாடினார்கள்.

"ஒரு மன்னிப்பு, பிரதர்," என்றார் கொண்ட்வானி. "வாராவாரம் உங்களுக்குக் கால் மணி தாமதமாகுது. நாங்க ஆடிப் பாடுறவங்க, நாற்காலியெல்லாம் சுவரோரம் தள்ளிடுவோம். உங்க ஆளுங்களுக்கு அது வரிசையா இருக்கணுமே! திரும்பப் போட்டு முடிக்கத்தான் நேரமாகுது. இனி ஆள் வேற குறைவு."

நாற்காலி போடுவது வாட்ச்மேன் கௌஸ் முகைதீன் என்றுதான் தமிழ்ச் சபை நம்பியிருந்தது. அதற்காக மூன்று கிறிஸ்துமஸுக்கு அவருக்குக் கேக் போயிருக்கிறது. அவரும் காரணம் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

கடிதம் அலுவலகத்துக்குப் போகவில்லை.

அடுத்த வியாழன் மாலை, டியூட்டி முடிந்ததும் அவர் தனியாக ஹாலுக்கு வந்தார். நூற்றிருபது நாற்காலிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரம் அடுக்கினார். காலையில் திரும்ப வரிசையாகப் போடுவதை இனித் தமிழ்ச் சபை ஆட்களே பார்த்துக்கொள்ளலாம். வெறுங்காலோடு ஆடுகிறவர்கள் ஆயிற்றே என்று தரையை இரண்டு முறை துடைத்தார். கதவைப் பூட்டி, சாவியை வாட்ச்மேன் அறை ஆணியில் மாட்டினார். கௌஸ் முகைதீன் தொழுகைக்குப் போயிருந்தார். யேசுராஜ் கையைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.