புறங்கைத் தழும்புகள்

தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்து முப்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அக்கா கட்டிலை விட்டு நகரவில்லை. தங்கையின் கணவன் கொண்டுவந்த காபியை முகர்ந்து பார்த்துவிட்டு வாஷ்பேசினில் ஊற்றினாள்.

“கெட்டுப்போச்சாக்கா?”

“காபிக்கென்ன தம்பி. கொண்டுவந்த கையைத்தான் பாக்கணும்.”

அவன் வெல்டர். பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டு வாயில்லாப் பூச்சியாக நின்றான். அப்படி நின்றதுதான் அவளுக்கு உறுத்தியது. தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு அலறுகிறாள், ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஜன்னலோரம் வைத்த சிறுநீர்ப் புட்டி வெளிச்சம் பட்டுக் கருஞ்சிவப்பாக மாறியிருந்தது. தங்கையின் புறங்கைகளில் வட்ட வட்டமாய்த் தழும்புகள். அவர்கள் வீட்டில் பட்டப்பகலிலும் திரை இழுத்தே கிடக்கும். விஷம், சூடு, வீட்டுச்சிறை. அக்காவுக்குக் கணக்கு நேராகிவிட்டது. போலீசுக்குப் போகவேண்டியதுதான் பாக்கி.

டாக்டரம்மா வந்தாள். “யாரும் விஷம் வைக்கலம்மா. இது போர்ஃபிரியா. ரத்தத்துக்குச் சிவப்பு குடுக்கற பொருளை உடம்பு முழுசாச் செஞ்சு முடிக்கல. பாதியில தேங்கினதுதான் சிறுநீர்ல வருது.”

“அப்ப கையில? அதையும் உடம்பே சுட்டுக்கிச்சா?”

“வெயில் சுட்டது. இதுல பல வகை இருக்கு. ஒண்ணு வயித்தையும் நரம்பையும் தாக்கும், தோல்ல ஒரு தடமும் இருக்காது. இன்னொண்ணு தோலோட நின்னுடும். இவங்களுக்கு ரெண்டும் இருக்கு. அப்படி வர்றதுலயே ரெண்டு வகை. எதுன்னு ரத்தத்தையும் மலத்தையும் பாத்தா பிடிபட்டுரும்.”

“திரை நான்தான் போட்டேன்க்கா,” என்றாள் தங்கை. “வெளிச்சத்துல கொப்பளிக்குது.”

அக்காவுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

“இது சும்மா கிளம்பாது,” என்றாள் டாக்டர். “பட்டினி கிளப்பிவிடும், சில மாத்திரைங்க கிளப்பிவிடும். புதுசா என்ன சாப்பிட்டீங்க? அதை நிறுத்தலேன்னா கைகால் விழுந்துரும். மூச்சுக்கே ஆபத்து.”

“ஒண்ணும் சாப்பிடல.”

டாக்டர் வாய் மூடுமுன்பே தங்கையிடமிருந்து வந்த பதில். அக்கா அவன் பக்கம் திரும்பினாள். “என்ன குடுத்தீங்க தம்பி?”

“சத்தியமா ஒண்ணுமில்லக்கா. ஒரு வருஷமா குழந்தைக்காகப் பாக்கறமே, அந்த டாக்டர் தந்த சத்து மாத்திரையைக்கூட இவ தொடல.”

அக்கா அவனை விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் அவள் கூரையைப் பார்ப்பாள். இப்போது கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் மூஞ்சியப் பாருடி. உசிரா, ரகசியமா?”

அவன் பஞ்சை நனைத்து மனைவியின் காய்ந்த உதட்டில் ஒற்றக் குனிந்தான். அக்கா தடுக்கவில்லை. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஞ்சிலிருந்த நீர் தலையணையில் சொட்டியது.

“கரு தங்காம இருக்க மாத்திரை,” என்றாள் சுவரைப் பார்த்து. “மூணு மாசமா. இவருக்குத் தெரியாது.”