ஒரு பக்கம் கடன்

1

என் மகள் எனக்குத் தர வேண்டியிருந்தது நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு ரூபாய். இந்தக் கதை பிறந்ததே அந்தத் தொண்ணூற்றாறில்தான். அவள் கேட்டது நாலாயிரம். எண்ணி நீட்டியபோது, "முழுப் பக்கமா குடுப்பா, கெர்னல் அப்படித்தான் குடுக்கும்" என்றாள். மிச்சத்துக்கு டீக்கடைக்காரரிடம் கை நீட்டினேன்.

2

(முதலில், 'மூட்டை சுமந்த தோளில் எழுத்து வந்து உட்கார்ந்த' என்று ஆரம்பித்திருந்தேன். எனக்கே அழுகை வரும்போல இருந்தது, விட்டுவிட்டேன். வயதான பிறகு எழுத்துக் கற்றவன், அவ்வளவுதான். இடுப்பு வலிக்கிறது, சுருக்கிச் சொல்கிறேன்.)

கெர்னல் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிடங்கு மேஸ்திரி. மெமரியைச் சம அளவுத் தடுப்புகளாகப் பிரித்து வைத்திருப்பார். ஒரு தடுப்புக்குப் பெயர் பக்கம். ஊசி வைக்க இடம் கேட்டாலும் முழுத் தடுப்புதான். மகள் பழகிய மெஷினில் ஒரு பக்கம் என்பது நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்.*

* கெர்னல் யாரையும் திட்டாது, மேஸ்திரி என்று எழுதாதே என்றாள் மகள். எழுதியது எழுதியதுதான்.

3

அவள் கம்பெனிக்குப் புது மெஷின் வந்தது. அதில் அவள் எழுதிய புரோகிராம் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. வெள்ளிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. வியாழன் சாயங்காலம் சமையலறை மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே நான் இதை எழுதிக்கொண்டிருந்தேன். 'அவள் கண்களில்...' இல்லை, கண்ணைத் திரையிலிருந்து எடுத்தால்தானே எழுதுவதற்கு. அப்பனும் பெண்ணும் பக்கம் பக்கமாகப் பார்த்தால் பாத்திரம் யார் கழுவுவது என்று மனைவி கேட்டாள். இருவரும் குனிந்த தலை நிமிரவில்லை.

கொஞ்ச நேரத்தில் மகள் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இதுல பக்கம் நாலு மடங்கு பெருசுப்பா. நான் கெர்னல்கிட்ட அளவு கேக்கவே இல்ல. நானா பழைய அளவையே எழுதி வச்சிருக்கேன். பக்கமே தொடங்காத எடத்துல கதவைத் தட்டினா எப்படித் தொறக்கும்?"

"கேக்காம செய்யறது உங்கப்பன் குணம்" என்றாள் மனைவி.

பழைய அளவை எடுத்துவிட்டு, முதலில் கெர்னலிடம் கேட்கும்படி ஒரு வரி போட்டாள். ஓடிவிட்டது. (இன்னும் இரண்டு முறை விழுந்து எழுந்தால் கதைக்கு நல்லது என்றேன். முறைத்தாள்.)

4

வேலை நிரந்தரமானது. முதல் சம்பளத்தன்று கடனை நினைவுபடுத்தினேன்.

"புது மெஷின் கணக்குல அது கால் பக்கம்தான். கால் பக்கமெல்லாம் செல்லாதுப்பா."

"அப்ப முழுப் பக்கமா குடு" என்றேன்.

பதினாறாயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கு. மனைவி பாத்திரத்தை வைத்துவிட்டுக் கை தட்டினாள்.

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முழுப் பக்கமும் கொடுத்தாள். நாலாயிரத்தோடு நிறுத்தினாள். நானே போனால் போகிறது என்று... இது பொய், நான் அப்படிப்பட்டவன் இல்லை. எவ்வளவு கைக்கு வந்தது என்பதைச் சொல்லப்போவதில்லை. டீக்கடைக்காரரின் தொண்ணூற்றாறு போய்ச் சேர்ந்தது, எனக்கும் மகளுக்கும் இடையில் பாக்கி இல்லை.

இந்தத் தாளில் இன்னும் பாதி காலியாகக் கிடக்கிறது. பிய்த்துக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. முழுசாக வைத்துக்கொள்ளுங்கள், தொகையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.