முகில் காட்டுக் கட்டுகள்

கடைசிப் பத்திரிகைக் கட்டையும் நீலக் குப்பைத் தொட்டிக்குள் போட்டு, மூடி பொருந்தும்வரை இராஜரட்ணம் முழங்கையால் அழுத்தினார். எல்லாம் பழைய தமிழ்ப் பேப்பர்கள். தங்கை கனகாம்பிகை நோயோடு வோபர்னில் இருக்கும் இவர் வீட்டுக்கு வந்த எட்டு மாதமும் முன்னறையை அடைத்துக் கிடந்தவை. பத்து மணிக்கு அவளுடைய உடல் பார்வைக்கு. கிரியை முடிந்தால் சனம் இங்கேதான் வரும். தங்கையைக் குப்பைக்குள் வைத்திருந்தார் என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

"உள்ளுக்க என்னவும் வச்சிருப்பா. ஒருக்காப் பிரிச்சுப் பாருங்கோவன்," என்றாள் மனைவி பேபி.

"பேப்பருக்குள்ள என்ன புதையலே இருக்கப்போகுது?"

லொறி வந்தது. தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போனது.

ஒன்பது மணிக்கு ஸ்டெபனி வந்தாள். கனகாம்பிகையோடு பல்கலைக்கழகத்தில் பதினைந்து வருடம் வேலை செய்த தமிழ்ப் பிள்ளை. சப்பாத்தைக் கழற்றியவள் முன்னறையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அண்ணை, பேப்பர் கட்டுகள் எங்க?"

"ஏன்?"

"அக்கா எரிமலைத் தீவில எடுத்த பன்னச் செடியளைக் காய அழுத்தி வச்சது அதுக்குள்ளதான். கடற்கரையில இருந்து உச்சி மட்டும், இருநூறு மீற்றருக்கு ஒருக்கா நிண்டு சேர்த்தது. கீழ எடுத்ததும் மேல எடுத்ததும் லாப்ல இருக்கு. நடுவில, முகில் காட்டில எடுத்தது மட்டும் இஞ்ச. அங்கதான் வகை ஆகக் கூட. அது இல்லாட்டி ரிசேர்ச்சே இல்லை அண்ணை."

பேபி நிலத்தைப் பார்த்தாள்.

"பத்திரமா இருக்கு. இண்டைக்குச் செத்த வீடு, பிறகு பாப்பம்," என்றார் இராஜரட்ணம்.

"அவசரமில்லை. கட்டுரையில அக்கான்ர பேரோட உங்கட அப்பான்ர பேரையும் முழுசாப் போடச் சொன்னவ."

இராஜரட்ணம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கனகாம்பிகை. சொல்லத்தான் பார்த்தாள், எத்தனையோ தரம். 'பூவுமில்லை, காயுமில்லை, உதுக்கொரு படிப்பே' என்று அவர்தான் எழும்பிப் போனார்.

மேசை லாச்சியைத் திறந்தார். காலையில் ஒரு கட்டிலிருந்து உருவி எடுத்த மடிப்பு அதற்குள் இருந்தது. பழைய மாணவர் சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்திய படம் வந்த பக்கம்; படத்தின் ஓரம் மடிப்புக்கு வெளியே தெரிந்தது. 'என்ர படத்தையும் குப்பையோட கட்டி வச்சிருக்கிறாள்' என்ற கோபத்தில், விரித்தும் பார்க்காமல் வைத்திருந்தார்.

இப்போது விரித்தார். விரல் நீளத்தில் ஒரு பன்னம், பச்சை மாறாமல். துண்டுக் கடதாசியில் அவளுடைய கையெழுத்து: 1,200 மீ. இலையின் கீழ் வரிசையாய் இருந்த பொட்டுகளிலிருந்து மண்ணிறத் தூள் உதிர்ந்து, படத்தில் அவருடைய முகத்தை மூடியிருந்தது.

முதுகை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

"இதொண்டுதான் இருக்கு."

"மற்றதுகள்?"

"குப்பை லொறியில போயிட்டுது. நான்தான் போட்டனான்."

ஸ்டெபனி மடிப்பை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"உங்கட படம் இருக்கு அண்ணை. பேப்பரை வேணுமெண்டால்..."

"பேப்பரோட கொண்டு போ பிள்ளை."

காரில் ஏறும்போது அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் மண்ணிறத் தூள் ஒட்டியிருப்பதைப் பேபி கண்டாள். தட்டிவிடக் கை நீட்டினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.