தொடையில் சிந்திய துளி

எலிக்கூண்டு நாற்றம் டின்சிக்குப் பழகிவிட்டது. அதே அறைக்குள் நின்று ஆய்வுத் தலைவர் தனபால் சார் முட்டை பப்ஸ் தின்பதுதான் இரண்டு வருஷமாகியும் பழகவில்லை.

பெருமாட்டிக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருந்த தனியார் ஆய்வு மையம் அது. எக்ஸ்ரே பட்டால் சிவப்பாக ஒளிரும் நானோ துகள்களை அங்கே தயாரித்தார்கள். எலியின் வால் நரம்பில் ஏற்றினால் அவை புற்றுக்கட்டியில் போய்ச் சேர வேண்டும். இருட்டுப் பெட்டிக்குள் எக்ஸ்ரே பாய்ச்சியதும் கட்டி மட்டும் ஒளிர, கேமரா படம் பிடிக்கும். கடுகளவு கட்டியைக்கூட முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்பது திட்டம்.

முதல் பத்து எலிகளில் அது நடக்கவில்லை. ஒளி முழுவதும் ஈரலில் தேங்கியது. நான்கு எலிகள் வயிறு வீங்கிச் செத்தன. அறுத்துப் பார்த்தவள் டின்சி. அழுகிய நாவல்பழம் போல ஈரல் கையுறையில் பிசுபிசுத்தது.

பதினோராவது எலியின் தொடையில் இருந்த கட்டி மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தது. தனபால் கைதட்டினார். டின்சிக்குச் சந்தேகம். ஊசி போடும்போது எலி துள்ளியதில் ஒரு துளி தொடைமேல் சிந்தியிருந்தது. ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி படம் எடுத்தாள். தொடை இருண்டு கிடந்தது.

"சார், அது கட்டியில்ல. மேல சிந்துன மருந்து. தொடச்சிட்டு எடுத்த படம் இது."

விரலில் ஒட்டிய மஞ்சள் கருவை நக்கியபடியே அவர் திரையைப் பார்த்தார். "மொதப் படம் நல்லாத்தான இருக்குது, அம்மிணி? ரெண்டாவத ஆரு கேட்டாங்க? அழிச்சுப்போடு."

"செத்த எலிங்க, சார்?"

"கூண்டுல சீக்கு வந்து செத்துப்போச்சுன்னு எழுதிக்கலாம், உடு."

அவள் படத்தை அழிக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்து போனார்கள். ஒளிரும் எலி ஆள் உயரத்துக்கு அச்சாகி வரவேற்பறையில் தொங்கியது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து, பீருமேடு பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அம்மா செபமாலையம்மாள் போன் செய்தாள்.

"நம்ம லயத்துல பக்கத்து வீட்டுச் சாந்தம்மாளுக்கு மார்ல கட்டி வந்திருக்குடி. பேப்பர்ல வந்த ஒங்க ஒளி மருந்து வரட்டும்னு ஆஸ்பத்திரிக்குப் போவாம இருக்கா. எப்ப வரும்?"

"அது எலிக்கே வேல செய்யலம்மா. நாளைக்கே அவங்களக் கூட்டிட்டுப் போ."

"அப்போ பேப்பர்ல போட்டது?"

"பொய்."

"நீயும் கூட இருந்தேல்ல?"

போனை வைத்ததும் குளியலறைக்கு ஓடி வாந்தியெடுத்தாள். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த வாரம் திட்டத்தைப் பரிசீலிக்கும் குழு கோபாலபுரம் எல்லைச்சாவடி வழியாகக் காரில் வந்து இறங்கியது. தலைவர் டாக்டர் சரஸ்வதியம்மாள். தனபால் பேசி முடித்ததும் டின்சி எழுந்து இரண்டாவது படத்தைத் திரையில் போட்டாள். செத்த எலிகளின் ஈரல் படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

தனபால் சிரித்தார். "புள்ள பதட்டத்துல பேசுதுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. படங்களில் பதிவாகியிருந்த நேரத்தைப் பார்த்தார். ஒரே எலி, பன்னிரண்டு நிமிட இடைவெளி. "இந்த ரெண்டாவது படம் உங்க அறிக்கையில ஏன் இல்ல?" என்று கேட்டார். தனபால் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

திட்டம் நிறுத்தப்பட்டது. டின்சியின் வேலையும் போனது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை வாசலில் மறித்து தனபால் சொன்னார்: "சும்மா இருந்திருந்தா கட்டுரைல உம்பேருதான் மொதல்ல வந்திருக்கும், அம்மிணி."

"அதுக்குத்தான் சார் வாந்தி வருது" என்றாள்.

சாந்தம்மாளுக்குக் கோட்டயத்தில் ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம் என்று அங்கே சொன்னார்களாம். அதைப் போனில் சொன்னபோது அம்மாவின் குரலில் கோபமில்லை. சாப்பிட உட்கார்ந்திருந்த டின்சி தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள்.