இருபதுக்குக் கீழே

காலை ஆறு மணிக்கு எங்கள் வேலை சக்கரங்களில் தொடங்கும். ரெஜிலா அக்கா தண்ணீர்க் குழாயைப் பிடிப்பாள். நான் கம்பித் தூரிகையால் தேய்ப்பேன். பிரேக்கிலிருந்து உதிர்ந்த கரி எண்ணெயோடு குழைந்து நகக்கண்ணில் ஏறினால் எந்தச் சோப்புக்கும் போகாது. ஐப்பசி மழை மார்த்தாண்டத்து ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரையில் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். எட்டு மணிக்குள் விரல்கள் மரத்துவிடும். பிறகு வலிக்காது.

என் கையெழுத்து தெளிவாக இருப்பதால் ஜாப் கார்டு எழுதுவதும் என் வேலை. எந்த வண்டிக்கு என்ன செய்தோம் என்று அதில் எழுத வேண்டும்.

ஓணம் கழிந்ததும் முதலாளி அனில்குமார் புதிய சட்டம் போட்டார். நாளுக்கு ஐந்து வண்டி பார்த்த மெக்கானிக் இனி எட்டு பார்க்க வேண்டும். குறைந்தால் அரை நாள் சம்பளம் கிடையாது. பிரேக் வேலை வந்தால் பேடை மட்டும் மாற்றி அனுப்ப வேண்டும். பேடு அழுத்திப் பிடிக்கிற இரும்புத் தட்டை, டிஸ்க்கை, அளந்துகொண்டு நிற்கக் கூடாது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டுக்குப் போய் நானும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் காலை சிவதாணு சாரின் வெள்ளைக் கார் முன்பக்கம் நசுங்கி, லாரியில் ஏறி வந்தது. அவர் பத்மநாபபுரத்துக்காரர்; பள்ளிக்கூடத்தில் கிளார்க். மூன்று வாரத்துக்கு முன் எங்களிடம்தான் பேடு மாற்றினார். முந்தின நாள் குலசேகரத்துக்கு அப்பால் இறக்கத்தில் பிரேக் மிதி காலடியில் அதிர்ந்திருக்கிறது. பிறகு பிடிக்கவே இல்லை. கார் பாலத்துச் சுவரில் போய் மோதியது. பின்சீட்டில் இருந்த மகள் அஞ்சுவுக்குக் காலில் இரண்டு இடத்தில் முறிவு. இதையெல்லாம் அவர் யாருக்கோ வந்த கடிதத்தைப் படிப்பதுபோலச் சொன்னார்.

மெக்கானிக் முருகதாஸ் அண்ணன் சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க் ஓரத்திலிருந்து நடுவரை வெடித்திருந்தது.

முதலாளி முந்திக்கொண்டார். பேடு போட்டது பொன்னுலிங்கம், ஒழுங்காகப் போடவில்லை, இன்றோடு அவனை நிறுத்துகிறேன் என்றார். கனம் அளக்கும் வெர்னியரை எடுத்து டிஸ்க்கின் ஓரத்தில் கவ்வ வைத்தார். இருபத்திரண்டு மில்லிமீட்டர்.

“கொறஞ்சது இருபது இருக்கணும்னு இதுலயே அடிச்சிருக்கு, பாருங்க சார். இருபத்திரண்டு கெடக்கு. டிஸ்க்குல கொறயில்ல, கைவேலதான் கொற.”

பொன்னுலிங்கம் அண்ணன் தரையைப் பார்த்து நின்றார். இங்கே பதினெட்டு வருஷம். ஒரு பிள்ளையின் கால் இவர் கையால் போனது என்று பெயர் வந்தால் களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில்வரை ஒருவரும் வேலை தர மாட்டார்கள். போலீஸ் கேசும் அவர் தலையில்தான் விழும்.

முருகதாஸ் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “சார், பழைய தடிச்ச அஞ்சு ரூவா ரெண்டு இருக்கா?”

சிவதாணு சார் ஒன்று கொடுத்தார். லாரிக்காரர் ஒன்று கொடுத்தார். இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் வெர்னியர் ஐந்து காட்டியது.

டிஸ்க்கில் பேடு தொடுகிற இடம்தான் தேயும். வெளி விளிம்பு தேயாமல் வரப்புபோல எழும்பி நிற்கும். மேலிருந்து கவ்வினால் வெர்னியர் வரப்பை அளக்கும். வயல் எவ்வளவு தாழ்ந்தது என்று சொல்லாது. முருகதாஸ் அண்ணன், தேய்ந்த இடத்தில் இந்தப் பக்கம் ஒரு காசு, அந்தப் பக்கம் ஒரு காசு வைத்து, காசுகளின் மேலே கவ்வினார். இருபத்து மூன்று. இரண்டு காசுக்கும் சேர்த்து ஐந்து போனால் பதினெட்டு.

சிவதாணு சார் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு பொன்னுலிங்கம் அண்ணனிடம் கேட்டார். “எப்பம் மாத்தணும் இத?”

பேடு மூன்று மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும், கீச்சென்று சத்தம் கேட்டால் பொறுத்திருக்கக் கூடாது என்று அண்ணன் சொன்னார். டிஸ்க்கில் அடித்திருக்கிற எண்ணுக்குக் கீழே போனாலோ, கீறல் விட்டாலோ இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். தேய்ந்த டிஸ்க்கில் புதுப் பேடு போட்டால் இறக்கத்தில் சூடு தாங்காது. பாடம் ஒப்பிப்பதுபோல, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“இவ்வளவும் தெரிஞ்சவரு, அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கப்பிடாதா?”

“சொல்லியிருக்கணும், சார்.”

முதலாளி இடையில் புகுந்து, அன்றைக்கு இவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, கார்டில் பேடு என்று மட்டுமே இருக்கிறது என்றார். கார்டு என் கையில் இருந்தது. எனக்குப் பயம்கூட வரவில்லை. உள்ளே எதுவும் அசையவில்லை. வாய் மட்டும் திறந்தது.

“டிஸ்க் மாத்தணும்னு பொன்னுலிங்கம் அண்ணன் சொன்னாரு. நான் எழுதினேன். மொதலாளி அதக் கிழிச்சிட்டு வேற எழுதச் சொன்னாரு. அதயும் நான்தான் எழுதினேன்.”

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏட்டி, நீயும் நாளைக்கு வராண்டாம்.”

முருகதாஸ் அண்ணன் வெர்னியரை டிஸ்க்கின் மேல் வைத்தார். பொன்னுலிங்கம் அண்ணனும் இந்தப் பிள்ளையும் இங்கே இருக்க வேண்டும், இனி ஒவ்வொரு வண்டியையும் வண்டிக்காரர் முன்னால் அளந்து கார்டில் எழுத வேண்டும், அதுவரை யாரும் ஒரு நட்டைத் தொட மாட்டோம் என்றார். பெயின்ட் வேலைக்காரர்கள் இரண்டு பேர் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றார்கள்.

“நீங்க இல்லாட்டி கட ஓடாதோ?”

“ஓடும் மொதலாளி,” என்றாள் ரெஜிலா அக்கா, குழாயை மூடியபடி. “வீல நீங்களே கழுவுங்க. ஒடம்புக்கு நல்ல குளிர்ச்சி.”

சிவதாணு சார் டிஸ்க்கைப் போனில் படம் பிடித்தார். அது தன்னிடமே இருக்கட்டும் என்று ஒரு சாக்கில் பொதிந்து எடுத்துக்கொண்டார். போகும்போது என்னிடம் முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

நாங்கள் வெளியே வந்து ஷட்டருக்கு முன்னால், கூரைச் சாய்ப்பின் அடியில் குந்தியிருந்தோம். உள்ளே முதலாளி, குழித்துறைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டு இரண்டு மெக்கானிக்குகளை அனுப்பச் சொல்வது கேட்டது. இரண்டு வண்டிகள் வந்தன. எங்களைப் பார்த்துவிட்டு ஒன்று திரும்பிப் போனது, ஒன்று நின்றது. நாளைக்கு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

பத்து மணிபோல ஒரு பைக்கில் மழைக்கோட்டு போட்ட இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். மூத்தவர் ஞானதாசன். கையில் டூல்ஸ் பெட்டி. முதலாளி ஷட்டரிலிருந்து கையசைத்து அழைத்தார்.

ஞானதாசன் போகவில்லை. என்ன காரியம் என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். முருகதாஸ் அண்ணன் சொன்னார். பதினெட்டு என்றபோது ஞானதாசன், “பதினெட்டா?” என்று ஒருமுறை திருப்பிக் கேட்டார். தங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் இப்போது அளப்பதில்லை என்று கூட வந்தவர் மெதுவாகச் சொன்னார்.

முதலாளி மறுபடியும் அழைத்தார்.

ஞானதாசன் பெட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு என் பக்கத்தில் குனிந்தார்.

“கொஞ்சம் நீங்கி இரி மக்கா. மழ நனைக்குது.”

எல்லோரும் ஒரு ஆள் அளவுக்கு நீங்கினோம். பிறகு இன்னொரு ஆளுக்கும்.